ஐம்பதுக்குள்

வலயத்திலிருந்து கடிதம் வந்தது:
பார்வையாளர் ஐம்பது பேர்.
ஒருவர் கூடினாலும் ஆட்டம் நிறுத்தப்படும்.

ஐம்பது என்றால் எவ்வளவு?
எங்களூர்ச் சாமத்தியவீட்டில்
தேங்காய் திருவ வருகிறவர்களே அவ்வளவு.

ஆடுகிறவர்கள் பதினொன்று, மாற்றுக்கு ஐந்து,
ஆளுக்கு மூன்று துண்டு, நாற்பத்தெட்டு.
மிச்சம் இரண்டும்
வலயத்துப் பெரியவர்கள் வந்தால் கொடுக்கவென்று
அதிபரின் லாச்சிக்குள்.
கணக்கியல் படிப்பிக்கிற பாவத்துக்கு
வாசல் என் தலையில் விழுந்தது:
ஒரு மேசை, ஒரு கொப்பி,
காய்ச்சல் பார்க்கும் கருவி.

அந்தக் கருவியைப் பற்றிச் சொல்லவேண்டும்.
வெள்ளை நிறம். கைபிடி. விசை.
நெற்றிக்கு நேரே நீட்டி அழுத்தவேண்டும்.
சுகாதாரப் பரிசோதகர் நகுலேந்திரன்
பழக்கிக் காட்டியபோது சிரிப்பாய்த்தான் இருந்தது.

முதலில் வந்தது கீப்பர் சாரங்கனின் தாய்.
நான் கையை உயர்த்தினேன்.
அவ கண்ணை இறுக்கி மூடினா.
கைகள் இரண்டும் தம்பாட்டில் மேலெழும்பின,
ஒன்றில் துண்டு,
மற்றதில் மகனுக்குக் கொண்டுவந்த தோடம்பழம்.
முப்பத்தாறு தசம் நான்கு.
"போங்கோ அக்கா" என்றேன்.
போக அவவுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.
அதற்குப் பிறகு எல்லாருக்கும்
மணிக்கட்டில்தான் பிடித்தேன்.
நகுலேந்திரன் கண்டார்,
காணாதவர்போல வாய்க்கால் பக்கம் போனார்.

எங்கள் மைதானத்துக்கு மதில் இல்லை.
வடக்கே வீதி, கிழக்கே வாய்க்கால் கட்டு,
தெற்கே வன இலாகாவின் காடு.
'உள்ளே' எங்கே முடிகிறதென்று
கடிதத்தில் எழுதியிருக்கவில்லை.
கமக்காரர் சங்கத்து நைலோன் கயிற்றை
இரவல் வாங்கிச் சுற்றிக் கட்டினோம்.
கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஐம்பது.
அந்தப் பக்கம் ஊர்.

மூன்றரைக்கு வீதியில்
ஒரு லான்ட்மாஸ்டர் பழுதாகி நின்றது,
சரியாய் நடுக்கோட்டுக்கு நேரே.
பின்னால் வந்த நாலும்
அதற்கு உதவிசெய்யவென்று நின்றன.
வாய்க்கால் கட்டில் மாடு மேய்க்க
இருபது பேர் வந்தார்கள். மாடு ஒன்று.
பாலைமரத்தில் யார் யாரென்று தெரியவில்லை,
கால்கள் மட்டும் தொங்கின.
ஒலிபெருக்கியைப் பிடித்தபடி நகுலேந்திரன்
"ஒரு மீற்றர், ஒரு மீற்றர்" என்று கத்திக்கொண்டே
ஆட்டத்தைப் பார்த்தார்.

உள்ளேயிருந்தவர்கள் கதிரைக்குக் கதிரை தள்ளி
பரீட்சை எழுதுகிறவர்கள் மாதிரி.
சத்தம் போடக்கூடாதென்பதும் விதி.
எங்கள் நிரோயன் முதல் கோலை அடித்தபோது
கயிற்றுக்குள் கைதட்டல்,
வீதியில் ஐந்து ஹோர்ன்.

இடைவேளையில் அதிபர்
அந்த இரண்டு துண்டையும் கொண்டுவந்து தந்தார்,
வலயத்திலிருந்து ஒருவரும் வரவில்லை.
கயிற்றடியில் போய் நீட்டினேன்.
"வேண்டாம் ரீச்சர், இஞ்ச நல்லாத் தெரியுது"
என்றது பெட்டியில் குந்தியிருந்த கூட்டம்.
அவர்களுக்கு நடுவே சாரங்கனின் தாய்.
எப்போது வெளியே போனா?
தோடம்பழத்தை உரித்து
சுளை சுளையாய் எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தா.

இரண்டுக்கு ஒன்றில் தோற்றோம்.
விசில் ஊதும்போது கயிற்றுக்குள்
எண்ணினேன், முப்பத்தொன்று.
'நிபந்தனை மீறப்பட்டதா?' என்ற கட்டத்தில்
'இல்லை' என்று எழுதினேன்.
எல்லாக் கணக்கும் சரிவந்த
என் வாழ்வின் ஒரே பேரேடு.

ஒன்பதாம் நாள் காலை நகுலேந்திரன் போன் எடுத்தார்.
முதல் லான்ட்மாஸ்டர்க்காரனுக்கு வருத்தமாம்,
விடியப்புறம் கிளிநொச்சிக்கு ஏற்றியாச்சாம்.
"அவனுக்குக் கிட்ட நிண்டது ஆரார் ரீச்சர்?"

கொப்பியை விரித்தேன்.
நாற்பத்தெட்டுப் பேரும் ஒழுங்காய் இருந்தார்கள்,
அடையாள அட்டை இலக்கத்தோடு.
வீதிக்கு ஒரு பக்கம்கூட நான் வைத்திருக்கவில்லை.

மூடிவைத்தேன்.
பெட்டியில் முதலாவதாய் இருந்தவரின் பேரைச் சொன்னேன்.
பிறகு பக்கத்தில் இருந்தவர்,
சுளை வாங்கிய பிள்ளைகள்,
கட்டில் நின்றவர்கள்,
செருப்பை வைத்து அடையாளம் பிடித்துப்
பாலைமரத்துக் கால்கள்.
அந்தப் பக்கம் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது.
ஐம்பது தாண்டியது.
அவர் நிறுத்தச் சொல்லவில்லை.