பெருக்கல் குறி

நெடுங்கண்மாய் ஹால்ட்டில்
ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது.
நான் இருக்கிறேன்.
ரயில்வே ஆள் இல்லை, கமிஷன் ஆள்.
காரைக்குடியில் முன்பணம் கட்டி
அட்டை டிக்கெட்டை மொத்தமாய் வாங்கிவந்து
கம்பி ஜன்னல் வழியே சில்லறைக்கு விற்பவன்.
ஏறக்குறைய உப்பு வியாபாரம்.
மழை பெய்தால் அன்றைக்குக் கரைந்துபோகும்.

தேதி அடிக்கிற முத்திரையில்
மூன்று தேய்ந்து எட்டாகிவிட்டது.
டிக்கெட் பரிசோதகர்கள் உற்றுப் பார்ப்பார்கள்,
"ஓ, நெடுங்கண்மாயா" என்று
திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

காலை ஏழு நாற்பது வண்டிக்கு
அவரவர் இடம் என்றைக்கோ முடிவானது.
பெயர்ப்பலகைக்கு இந்தப் பக்கம்
ஸ்கேன் சென்டர் ஆரோக்கியசெல்வி,
பல்லில் ஊக்கைக் கடித்தபடி
கொண்டையை முடித்துக்கொண்டிருப்பாள்.
அவளுக்கு நேராகத்தான் கதவு வந்து நிற்கும்.
குழாயடியில் ஜெய்லானி,
கடிகாரம் பழுது பார்ப்பவர்,
வெறும் மணிக்கட்டு.
சிமெண்ட் பெஞ்சில் பாலிடெக்னிக் பையன்கள்,
நாலு தலை, ஒரு போன்.
தள்ளி, செம்புராங்கல் சுவரோரம்
டைல்ஸ் ஒட்டுகிற ஒடியா இளைஞன்.
"காரைக்குடி ஒண்ணு"
என்ற இரண்டு சொல்லையும்
எங்கள் ஊர் இழுவையோடே சொல்வான்.
அதற்குமேல் நான் கேட்டதில்லை.

ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலை.
டிரைவர் புதிதோ, தண்டவாளம் வழுக்கியதோ,
வண்டி வந்தது
வந்தது
வந்துகொண்டே
போய்விட்டது.
கடைசிப் பெட்டியும் பிளாட்பாரத்தைத் தாண்டி
இரண்டு பெட்டி தூரத்தில்
கருவேலங்காட்டுக்குள் நின்றது.

நாங்கள் கையில் டிக்கெட்டோடு,
பந்தி எடுத்தபின் வந்து சேர்ந்த
பெண் வீட்டார் மாதிரி.

ஒருத்தரும் ஓடவில்லை.
பஸ் பத்தடி தள்ளி நின்றால்
செருப்பைக் கையில் பிடித்து ஓடுகிற சனம்,
அன்று அசையவில்லை.
"இனி ஜங்ஷன்லதான் நிப்பாட்டுவான்"
என்றார் ஜெய்லானி.
நான் முப்பத்தொரு டிக்கெட்டுக்கும்
காசைத் திருப்பிக் கொடுத்தால்
டப்பாவில் என்ன மிஞ்சும் என்று
எண்ணிக்கொண்டிருந்தேன்.

கார்டு தலையை நீட்டினார்.
விசில்.
அப்புறம் ஒன்றும் இல்லை, வெகுநேரம்.
ஒரு தட்டான்பூச்சி தண்டவாளத்தில் உட்கார்ந்தது.
உட்கார்ந்தது உடனே எழுந்தது.

கடைசிப் பெட்டியின் முதுகில்
மஞ்சளில் ஒரு பெருக்கல் குறி உண்டு.
பதினான்கு வருஷமாய்
அது சிறுத்துச் சிறுத்துப்
புள்ளியாவதைத்தான் பார்த்திருக்கிறேன்.
அன்றைக்கு அது
பெரிதாகிக்கொண்டே வந்தது.
கதவு மாறித் தட்டியவர்
முகம் காட்டக் கூசி
முதுகாலேயே திரும்பி வருவது போல
அவ்வளவு மெதுவாக.

பையன்கள் சீட்டியடித்தார்கள்.
ஆரோக்கியசெல்வி சிரித்ததில்
ஊக்கு விழுந்து ஜல்லிக்குள் போயிற்று.
ஒடியாக்காரன் என்னைப் பார்த்து
"ரிவர்ஸுண்ணே" என்றான்.
மூன்றாவது சொல்.
பெயர் என்ன என்று கேட்டேன்.
சொன்னான்.
ஹாரன் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

நோட்டில் எழுதினேன்:
டிக்கெட் முப்பத்தொன்று.
தாமதம் பதினோரு நிமிஷம்.
காரணத்துக்கு விட்டிருந்த கட்டம் சின்னது.
'மழை' என்று போட்டேன்.

கதவு அன்று நாலடி தள்ளி நின்றிருந்தது.
மறுநாள் ஆரோக்கியசெல்வி
நாலடி தள்ளி நின்றாள்.
வண்டி
பழைய இடத்திலேயே வந்து நின்றது.