ஒற்று மிகாத விலங்கு

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டி
கழிவுநீர் உந்துநிலையத்துக்குத் தோண்டிய குழியில்
நாற்பத்தோராவது அடியில்
கருநீலக் களிமண்ணோடு மேலே வந்தன
ஒரு கீழ்த்தாடைத் துண்டும்
ஒரு கணுக்கால் எலும்பும்.

ஜேசிபி ஓட்டிய மேகவர்ணம்
வண்டியை நிறுத்திவிட்டுப் போலீசைக் கூப்பிட்டான்.
ஏட்டு வந்தார், குனிந்து பார்த்தார்,
'மனித எலும்பு அல்ல' என்று எழுதிக் கோப்பை மூடினார்.
அதன் முதல் வகைப்பாடு அது.
இன்றுவரை யாரும் மறுக்காததும் அது ஒன்றுதான்.

இரண்டாவது என்னுடையது.
பதினோரு மாதம்.
கடைவாயில் பிறை பிறையாக மேடுகள்,
எருமைக்கு இவ்வளவு சிறிதாகாது,
புள்ளிமானுக்கு இவ்வளவு உயரமாகாது.
அளவுகோலின் இரண்டு அலகுக்கு நடுவே
மில்லிமீட்டரில் ஒரு மிருகம்
நிற்கவும் இல்லை, ஓடவும் இல்லை.

ஒருநாள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு
புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டிக்குப் பின்னால் போனேன்.
தேசம்மாள் கால் சுட்டுக்கொண்டிருந்தாள்.
கணுக்கால் எலும்பை வாங்கி
உள்ளங்கையில் ஒருமுறை உருட்டினாள்.
'ரெண்டு பக்கமும் ராட்டினம் கீது பாரு.
பொளந்த குளம்பு. குதிர இல்ல.
ஆடும் இல்ல. ஆட்டுக்கு இந்த எடம்
இம்மாம் பள்ளமா இருக்காது.'
கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த காலை எடுத்தாள்.
என் ஆய்வுக் கட்டுரையின் நான்காம் பக்கம்
அங்கேயே முடிந்துவிட்டது.

காசிமேட்டில் போன வருசம் ஒதுங்கிய திமிங்கிலமும்
இதுக்குப் பங்காளிதான் என்றேன்.
'அதுக்கு ஏது குளம்பு?'
தொலைத்துவிட்டது என்றேன்.
'அப்போ சொத்துல பங்கு கெடையாது.'

எக்ஸ்ரேயில் தாடைக்குள்
முளைக்காத பல் ஒன்று தெரிந்தது,
மண்ணுக்குள் வெள்ளையாக, தயாராக.
பால்பல் விழாத வயது.
தமிழில் ஒரு குறிப்பு கேட்டிருந்தார்கள்,
அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.
பசுவினம் என்றால் கன்று.
ஆட்டினம் என்றால் குட்டி.
மானினம் என்றால் மறி என்றும் சொல்லலாம்.
குடும்பம் தெரியாமல் பிள்ளையைக் கூப்பிட
இந்த மொழியில் வழி இல்லை.
விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.
இரவெல்லாம் அது
எந்தச் சொல்லுக்கும் திரும்பிப் பார்க்காமல்
ஈர மண்ணில் நடந்தது.

உன் பெயரையே வைக்கிறேன் என்றேன் தேசம்மாளிடம்.
'எந்தப் பேரு?
ரேஷன் கார்டுல தேசாமல்,
ஆதார்ல தேச்சம்மா,
பேங்குல வேற என்னமோ.
செத்த பிராணிக்கு எதுக்கு இந்த வம்பு?'
எங்கள் விதிப்படி என்று விளக்கினேன்,
முதலில் அச்சேறிய பெயரே நிற்கும்,
பிழையோ சரியோ, பிறகு வருவதெல்லாம் செல்லாது.
'எங்க கவுன்டர்லயும் அதான் சொல்றாங்க' என்றாள்.

ஆகவே ஊர்ப்பெயர்.
இலத்தீன் வால் ஒட்டி, சாய்வெழுத்தில்,
கொருக்குப்பேட்டை.
இதழ் வந்தபோது
ஒரு க் இல்லை.
தலைப்பில் இல்லை, சுருக்கத்தில் இல்லை,
படத்துக்குக் கீழே இல்லை.
எங்காவது ஓர் இடத்தில் சரியாக இருந்திருந்தால்
அதைக் காட்டித் திருத்திக்கொள்ளலாம்.
நானோ பத்தொன்பது இடத்திலும்
ஒழுங்காகத் தப்பு செய்திருக்கிறேன்.
இனி எவர் எங்கே எழுதினாலும்
கொருகுப்பேட்டை விலங்கு.

சொன்னேன். மயிர் பொசுங்கும் புகைக்குள்ளிருந்து
சிரித்தாள் தேசம்மாள்:
'பாரேன், அதுக்கும் ரேஷன் கார்டு வந்துட்ச்சி.'

மேகவர்ணத்துக்கு ஒரு பிரதி அனுப்பினேன்,
முகவரியில் ஊர்ப்பெயரை
ஒற்று மிகுத்து, இரண்டு முறை சரிபார்த்து.
எட்டாம் நாள் திரும்பி வந்தது,
'அப்படி ஒருவர் இங்கு இல்லை'
என்று சிவப்பு மையில்.