சாம்பல் நிறப் பொத்தான்

கிளைபேடாவில், துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளி
கிண்டவ்டஸ் நடத்தும் விலங்கு மருத்துவமனை.
பிப்ரவரி. மிதியடியில் உப்பும் பனிச்சேறும்.
எக்ஸ்ரே படம் திறக்க நான்கு நிமிடம் ஆகிறது, வந்து பார்
என்று கூப்பிட்டிருந்தார்.
மேசைமேல் ஒரு பழுப்பு நாய்.
எதையோ விழுங்கிவிட்டு
அதில் எந்த வருத்தமும் இல்லாமல் வாலாட்டியது.

கணினி விழித்தது. விழித்த கையோடு பேசியது.
உங்கள் கடவுச்சொற்கள் பத்திரமா?
உங்களை யாரோ பார்க்கிறார்கள்.
பன்னிரண்டு டிரைவர்கள் பழசாகிவிட்டன.
இன்று மட்டும் அறுபது விழுக்காடு தள்ளுபடி.
வலது மூலையில் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி
எட்டிப் பார்த்தன செய்திகள்.
வைரஸ் வராமல் பார்த்துக்கொள் என்று
மூன்று வருடம் முன் அமர்த்திய காவல் இது.
வேலி பயிரை மேயவில்லை.
வயலுக்குள் கடை விரித்திருந்தது.

நீக்கத் தொடங்கினேன்.
கணினியை வேகமாக்குகிறேன் என்று வந்து
நினைவகத்தில் கால்வாசியை மடியில் கட்டிக்கொண்ட ஒன்று.
யாரும் கேட்காமல் வந்து யாரும் திறக்காமல் கிடந்த
கூப்பன் தேடும் உலாவி.
கோப்புகளைப் பொடிப்பொடியாக அரைக்கும் ஒன்று
(பூனைகளின் தடுப்பூசிச் சீட்டை யார் களவாடப் போகிறார்கள்).
விளையாடும் நேரத்தில் தொந்தரவு வராமல் காக்கும் ஒன்று.
“அதையாவது விட்டுவை,
மத்தியானம் நான் சீட்டாடுவேன்” என்றாள்
வரவேற்பில் இருந்த டங்குவோலே.
தொந்தரவே அதுதான் என்றேன். எடுத்தேன்.

ஐந்தாவதாக வி.பி.என்.
அதைத் தொட்டதும் திரை நடுவில் ஒரு கேடயம்,
கேடயத்துக்குக் கண், கண்ணில் ஒரு துளி.
“உண்மையாகவே பாதுகாப்பில்லாமல் இருக்கப் போகிறீர்களா?”
கீழே பச்சையில், சாப்பாட்டுத் தட்டு அகலத்தில்:
“இல்லை, என்னைக் காப்பாற்று.”
அதற்கும் கீழே, சாம்பலில், எறும்பளவு:
“ஆம், ஆபத்தை ஏற்கிறேன்.”

எனக்குத் தெரியும் அந்த வாக்கியத்தை.
வில்னியுஸில், ஏழாவது மாடியில்,
ஆறு வருடத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை
நான் எழுதியது.
“உண்மையாகவே” என்ற சொல்லுக்குக் கைதட்டினார்கள்.
அது இல்லாதபோது நூற்றுக்கு முப்பத்தொரு பேர் போனார்கள்.
அது வந்தபின் பத்தொன்பது.
நிறமும் என் தேர்வுதான்.
பதினோரு சாம்பல்களைச் சுவரில் ஒட்டி வைத்து
பார்வை மங்கியவர்கள் தாண்டிப் போய்விடும் ஒன்றை எடுத்தோம்.
அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை.
மென்மையாக இருக்கிறது என்று சொன்னோம்.

கண்ணீர்த் துளி என் காலத்தில் இல்லை.
பிறகு வந்த யாரோ சேர்த்திருக்கிறார்கள்.
திறமைசாலி.

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
கிண்டவ்டஸ் குனிந்து பார்த்தார்.
“இதே கேள்வி எனக்கும் வரும்.
மூன்று வருடமாகப் பச்சையைத்தான் அழுத்துகிறேன்.
வேறு வழி இருக்கிறதா என்ன?”

எறும்பின் மேல் சுட்டியை வைத்து அழுத்தினேன்.

ஏன் போகிறீர்கள் என்று கேட்டது.
நான்கு காரணங்கள் கொடுத்திருந்தது.
நான்கில் ஒன்றும் என்னுடையது இல்லை.

அணைந்து எழுந்தபோது மூலை காலியாக இருந்தது.
ஒரே ஒரு குட்டிக் கேடயம் மட்டும்,
கண் இல்லை, வாய் இல்லை,
வருகிற கோப்பை முகர்ந்துவிட்டு உள்ளே விடும்.
அதற்குத்தானே காசு கொடுத்தது.
வெளியே கடற்காகங்கள் கத்துவது கேட்டது.
முன்பும் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கும்.

படம் ஒன்பது நொடியில் திறந்தது.
முதுகெலும்பு, விலா, இரைப்பையின் நிழல்,
நிழலுக்குள் வெள்ளை வெளேரென்று
கோட்டுப் பொத்தான் ஒன்று, உலோகத்தில்,
நான்கு துளையும் எண்ணலாம்.
“தானாகவே வெளியே வந்துவிடும்” என்றார்,
நாயின் காதைச் சொறிந்தபடி.

மஞ்சள் தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினேன்:
அடுத்த அப்டேட்டில் எல்லாம் திரும்பி வரும்.
மூன்றாம் பக்கம், இடது கீழ் மூலை,
ஒரு டிக் இருக்கும், தேடி எடுங்கள்.
அந்த மூலையைத் தேர்ந்தது யார் என்று எழுதவில்லை.

எவ்வளவு என்றார். முப்பது யூரோ என்றேன்.
போன முறை வந்தவர் எழுபது வாங்கினாரே என்றார்.
பிப்ரவரி, வேலை குறைவு
என்று சொல்லிவிட்டுக் கையுறையைத் தேடினேன்.
ஒன்று கிடைத்தது.
மற்றதன் மேல் நாய் படுத்திருந்தது.