நேர்கோட்டுத் தூரம்

கவென்ட்ரிக்கு மாற்றல் என்று கடிதம் வந்த இரவே
மேகலா கணினியில் வட்டங்கள் வரையத் தொடங்கிவிட்டாள்.
பள்ளிக்கூடம் நடுவில் ஒரு புள்ளி.
போன வருடம் இடம் கிடைத்த கடைசிப் பிள்ளையின்
வீடு வரைக்கும் ஒரு வளையம்.
வருடா வருடம் சுருங்குகிறது அது,
தவறான சூட்டில் துவைத்த கம்பளிச் சட்டை மாதிரி.
முன்பு அறுநூறு மீற்றர்.
இப்போது நானூற்றுப் பன்னிரண்டு.

தொலைபேசியில் சகலன்:
"எங்கட ஆக்கள் நிறைய இருக்கிற இடம் வேண்டாம், போட்டி கூட."
அடுத்த மூச்சில்,
"ஒருத்தரும் இல்லாத இடமும் வேண்டாம்,
பிள்ளை தனிச்சுப்போகும்."
எத்தனை பேர் இருந்தால் சரி என்று கேட்டேன்.
யோசித்தான். உண்மையாகவே யோசித்தான்.
"ஒரு நாலு குடும்பம்."

வீட்டுத் தரகர் ஹோவர்ட்
கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சொன்னார்,
"இது கொஞ்சம் கலப்பான பகுதி."
ஸ்கான் முடிவைச் சொல்லும் டாக்டரின் குரல்.
பின் இருக்கையில் நாங்கள் மூவர்,
கலப்பதற்குத் தயாராக.

சிரித்தேன்.
சிரிக்க உரிமை இல்லை எனக்கு.
முந்தின நாள்தான்
வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகள் நூற்றுக்கு எத்தனை
என்ற வரியில் விரல் வைத்து
அறுபதைத் தாண்டிய பள்ளிகளையெல்லாம் தள்ளிவிட்டிருந்தேன்.
தள்ளி முடித்த கையோடு
மகளைக் கூப்பிட்டேன், "சோறு ஆறுது, வா."

வியாழக்கிழமை மூன்றேகாலுக்கு
ஒரு பள்ளி வாசலுக்கு எதிரே
பஸ் தரிப்பில் போய் இருந்தோம்.
அறிக்கையில் இல்லாததைப் பார்க்க வேண்டும் என்றாள் மேகலா.
மூன்று பஸ்கள் எங்களுக்காக நின்று, கோபித்துப் போயின.
ஒற்றைச் சப்பாத்தோடு ஒருவன் ஓடினான்.
கார் நிறுத்த இடம் கேட்டு இரண்டு தகப்பன்மார்
இரண்டு மொழிகளில் சண்டை பிடித்தார்கள்,
ஒருவர் வசவு மற்றவருக்கு விளங்காமலே.
ஒரு தாய், தன் பிள்ளை என்று நினைத்து
வேறு யாருடையவோ மூக்கைத் துடைத்துவிட்டு
அப்படியே விட்டுவிட்டாள்.

வாசலில் மழைச்சட்டை போட்ட ஆசிரியை
பெயர் கூப்பிட்டு ஒவ்வொருவராக ஒப்படைத்தாள்.
"ஒலுவடாமிலோலா" என்றாள்.
முழுதாக.
நடுவில் தடுமாறாமல், மன்னிப்புக் கேட்கும் சிரிப்பு இல்லாமல்.
பிறகு ஒரு "ஜாக்".
இரண்டுக்கும் ஒரே நிதானம்.

ஆய்வுகூடத்தில் பதினொரு வருடமாக என் பெயர் கை.
குகதாசன் முழுவதும் அவர்கள் வாய்க்குள் போகவில்லை,
கை மட்டும் போதும் என்று முடிவெடுத்தார்கள்.
நானும் அந்தக் கையையே
இத்தனை வருடம் ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.

மேகலா என்னைப் பார்த்தாள்.
நான் பஸ் அட்டவணையைப் பார்த்தேன்.

அந்த வாசலில் இருந்து நானூற்று மூன்றாவது மீற்றரில்
ஒரு வீடு கிடைத்தது.
குளியலறைச் சுவரில் பூஞ்சணம்.
சமையலறை யன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் செங்கல்.
ஹோவர்டுக்கு அதிசயம்:
இதே வாடகைக்கு அங்கால் தோட்டத்தோடு இருக்கிறதே?

நகரசபை நேர்கோட்டில்தான் அளக்கும்.
கால் நடக்கிற தூரம் அதன் கணக்கில் இல்லை.
எங்கள் கோடு
ஒருவரின் உடைந்த ட்ரம்பொலீனுக்கு மேலாக,
முடிவெட்டும் கடையின் பின்கட்டு வழியாக,
யாரோ நட்டு மறந்த பீட்ரூட் பாத்தியைத் தாண்டி,
ஒரு நாய்க்கூட்டை ஊடறுத்து
யாரிடமும் கேட்காமல் போகிறது.
நாங்கள் சுற்றித்தான் போக வேண்டும்.
திகழ்மதி அடி எண்ணிக்கொண்டு வந்தாள்.
ஆயிரத்து நாற்பதில் கணக்குத் தப்பி,
முதலில் இருந்து நடக்க வேண்டும் என்று
நடுத்தெருவில் அடம்.

முடிவு ஏப்ரலில்.
வளையம் சுருங்காவிட்டால்
ஒன்பது மீற்றர் எங்கள் பக்கம்.

விண்ணப்பத்தில் பிள்ளையின் பெயருக்கான கட்டங்களை
மேகலா எழுத்தெழுத்தாய் நிரப்பினாள்.
குகதா வரைக்கும்தான் கட்டம் இருந்தது.
மிச்சத்தை வெட்டாமல்
தாளின் ஓரத்தில்,
கொஞ்சம் சரிவாக,
எழுதி முடித்தாள்.