அபானோ கணவாய்

தெலாவியில் விருந்து என்றால் போதும்,
எல்குஜா கத்தி முனையால் மேசைத் துணியில்
அந்தச் சாலையை வரைவான்.
இங்கே அருவி, பாதிச் சாலையைத் தின்றிருந்தது.
இங்கே செம்மறிகள், நாற்பது நிமிஷம்
எஞ்சினை அணைத்துவிட்டுக் கிடந்தோம்.
இங்கே மேகம்,
நமக்குக் கீழே.

ஆமாம் ஆமாம் என்று
ரொட்டித் துணுக்குகளைக் கூட்டிக் குவிக்கிறாள் நதேலா.

அவள் எதையும் பார்க்கவில்லை.
ஏறியதிலிருந்து ஓமாலோ வரை
கண்ணைத் திறக்கவே இல்லை.

பிரேக் தீய்ந்த வாடை தெரியும்.
ஜன்னலில் உரசிப்போன ஈரக் கம்பளி தெரியும்.
சீட்டியடித்தபடி ஓட்டியவன்
ஒரு வளைவில் சட்டென்று ஊமையானது,
மூன்று வளைவு தாண்டி
வேறு மெட்டில் தொடங்கியது.

அந்த மூன்றை மட்டும்
எல்குஜா
இதுவரை வரைந்ததில்லை.