இன்னொரு தடவை அணை

மீரான் கடையில் ஆழ்குழாய் மோட்டாருக்குத்தான் காயில் கட்டுவார்கள்.
மூவாயிரத்து இருநூறு சுற்று,
ஐந்து இடத்தில் காகிதம் என்று
நான் வரைந்து நீட்டிய தாளைத்
தலைகீழாகவும் ஒருமுறை பார்த்தார்.
'மேடம், இது எத்தன அடியில இருந்து தண்ணி எடுக்கும்?'
'எடுக்காது. பாடும்.'
அவர் சிரிக்கவில்லை.
முன்பணம் வாங்கிக்கொண்டார்.

பகலில் நான் மின்வாரியம்.
நானூறு வோல்ட்டைப் பற்றி
எனக்குச் சொல்லித் தந்ததெல்லாம்
தள்ளி நில் என்பதுதான்.
கையுறை, எர்த் கம்பி, மூன்று பேர் கையெழுத்து,
பிறகுதான் கம்பத்தில் ஆள் ஏறலாம்.
இரவில் அதே நானூறை
ஒரு தேக்குப் பெட்டிக்குள் வளர்க்கிறேன்.
மேலே நாலு வால்வு.
விளக்கை அணைத்துவிட்டால்
நாலு பேர் பேசாமல் உட்கார்ந்து
பீடி குடிக்கிற மாதிரி இருக்கும்.

கத்திரி வெயில் முடியாத ஒரு ஞாயிறு
பெருமாள்புரம் மாடி அறைக்கு
பிரம்மநாயகம் வந்தார், வண்ணார்பேட்டையில் மருந்துக்கடை.
வால்வு என்றால் கண்ணில் நீர் வைப்பவர்.
எஸ்தர் ரோஸ்லின் வந்தாள், கல்லூரியில் கணக்கு.
கைப்பையில் சோப்பு டப்பா அளவில்
ஆயிரத்து எண்ணூறு ரூபாய் ஆம்ப்ளிஃபயர்.
'ரெண்டும் ஒண்ணுதான். மிச்சம் உங்க மனசு.'

சுங்குடிச் சேலையைக் குறுக்கே கட்டினோம்.
மின்விசிறியை நிறுத்தினோம்,
நாகஸ்வரக்காரர் மூச்சிழுப்பது கேட்க வேண்டுமே.
அறையில் நாலு வால்வு, மூன்று மனிதர்,
ஜன்னலைச் சாத்திய புழுக்கம்.
திரைக்குப் பின்னே ரோஸ்லின் வயரை மாற்றுவாள்,
முன்னே நாங்கள் சொல்ல வேண்டும்
எது எதுவென்று.
மருந்துச் சீட்டின் முதுகில் கட்டம் போட்டுக் குறித்தாள்.

பன்னிரண்டு சுற்று.
பிரம்மநாயகம் ஐந்து சரி.
'காசு சுண்டியிருந்தா ஆறு வந்திருக்கும் அண்ணாச்சி.'
நான் நாலு.
மூன்று மாதம் ஈயம் உருக்கி,
இரண்டு முறை விரல் சுட்டு,
நானே கட்டிய பெட்டியின் குரல்.
'சவம்' என்றார் பிரம்மநாயகம்,
யாரை என்று தெரியவில்லை.
வியர்வை அவர் மூக்கு நுனியில் தொங்கி
விழ யோசித்தது.

சும்மா ஓடட்டும் என்று விட்டுவிட்டோம்.
தோடி. மேல் ஸ்தாயியில் ஒரே சுரத்தைப் பிடித்து
அவர் நின்றுகொண்டிருந்தபோது
கரண்ட் போயிற்று.

தெரு அணைந்தது. எதிர்வீட்டு டிவி செத்தது.
நாகஸ்வரம் நிற்கவில்லை.
செல்போனில் பேட்டரி இருந்தது சரி,
பெட்டிக்கு யார் கொடுத்தார்கள்?
அந்தச் சுரம் இருட்டுக்குள்
ஒவ்வொரு படியாகக் கால் வைத்து
ஆற்றில் இறங்குகிறவர் போல இறங்கி,
கழுத்துவரை போய்,
மேலே தண்ணீர் மூடிக்கொண்டது.
பீடிகள் நாலும் கடைசியாகச் சிவந்து அடங்கின.

'வால்வு!' என்று கத்தினோம் இருவரும்,
அன்றைக்கு முதல்முறையாகச் சேர்ந்து, சரியாக.
'கெப்பாசிட்டர்ல மிச்சம் இருந்திருக்கும், வேறென்ன'
என்றது திரைக்குப் பின்னிருந்து ஒரு குரல்.
ஆனால் மெதுவாகச் சொன்னது.

உடனே என் போன்.
தியாகராஜ நகர், மகாராஜ நகர், பிள்ளைக்குப் பரீட்சையாம்,
ஒருவர் என் பரம்பரையையே விசாரித்தார்.
பத்து நிமிஷம் சார், ஆள் போயாச்சு சார்.
பதினேழாவது நிமிஷம் வந்தது.
விசிறி போடக் கையெடுத்தேன்.
பிரம்மநாயகம் தடுத்தார்.
வால்வு சூடேறும்வரை காத்திருந்துவிட்டு
கூச்சத்தோடு கேட்டார்:
'இன்னொரு தடவை அணைங்களேன்.'

பதினொரு வருஷ வேலையில்
இந்த ஊரில் என்னிடம்
இப்படிக் கேட்ட முதல் ஆள்.

சுவரில் பிளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
ரோஸ்லின் சேலையை விலக்கி வெளியே வந்தாள்,
சீட்டில் பதிமூன்றாவது கட்டம் போட்டாள்,
வாட்சைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.
'ம்' என்றாள்.