விளிம்பு

கணவரிடம் சொன்ன காரணம் ஈரப்பதம்.
பிப்ரவரி மாதத்து டர்பனில்
உப்பு டப்பாகூட வியர்க்கும்.
எங்கோ உலர்ந்த ஊரில் ஒட்டி அனுப்பிய கிட்டார்
இரண்டு மழைக்காலத்தில் கழுத்து வளைந்து
ஐந்தாம் மெட்டுக்கு மேல் பொய் பேசுகிறது.
பிரேமநாதன் கணக்குப் போட்டார்:
அந்தப் பணத்துக்கு ஒரு பழைய டொயோட்டா வரும்,
நாலு சக்கரமும் ஓடும்.
டொயோட்டாவுக்குச் சுருதி சேருமா என்றேன்.
சிரிக்கவில்லை.
ஆனால் வங்கிக்குக் கூடவே வந்தார்.

கடன் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம்.
வீட்டுப் பழுது என்று எழுதினேன்.
முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது.

குழுவில் சொன்னது வேறு.
என் விரல்கள் குட்டை.
கடைக் கிட்டாரின் கழுத்து
எவனோ ஓர் ஆறடிக்காரனின் கைக்கு அளந்தது.
எஃப் கார்டு வருமிடமெல்லாம்
சாட்ஸ்வொர்த் கல்யாணக் கூடங்களின் கூச்சலுக்குள்
இருபது வருடமாக ஒளிந்து வந்திருக்கிறேன்.
கிரிசன் கீபோர்டிலிருந்து தலை நிமிராமல் சொன்னான்:
"தெரியும் அக்கா. அங்கேதான்
நான் சத்தத்தைக் கூட்டுவேன்."

ஜோகன்னஸ்பர்க்கிலிருக்கும் மகளுக்கு ஒரே வரி:
எனக்கு வேண்டும், அதனால்.
அவள் ஓர் இதயம் அனுப்பினாள்,
பின்னாலேயே ஒரு கேள்விக்குறி.

எல்லாமே உண்மைதான்.
உண்மைகளை வரிசையாக முன்னால் நிறுத்திவிட்டு
நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

பைன்டவுனில், டயர் கடைக்கு மேல் மாடியில்
நொக்குலுங்காவின் பட்டறை.
அளவெடுக்க வேண்டும், உட்காருங்கள் என்றாள்.
ரவிக்கைக்கு அளவு கொடுத்திருக்கிறேன்.
சவப்பெட்டிக்குக் கொடுக்க வேண்டியிருக்குமோ என்று
போன வருடம் பயந்திருக்கிறேன்.
கிட்டாருக்கு இதுதான் முதல் தடவை.
முழங்கையிலிருந்து மணிக்கட்டு,
கட்டைவிரலின் பருமன்,
பாதத்திலிருந்து முட்டி வரை.
கியாட் பலகையொன்றைக் காதருகே தூக்கித் தட்டினாள்,
மருத்துவர் முதுகில் தட்டிக் கேட்பாரே, அப்படி.
எனக்குத் தெரிந்த சத்தம் அது.
உள்ளே என்ன இருக்கிறதென்று
வெளியே நிற்பவர் விசாரிக்கும் சத்தம்.

பிறகு, அட்டையில் வெட்டிய கிட்டாரை
மடியில் வைத்தாள். வாசியுங்கள்.
அட்டையை எப்படி வாசிப்பது?
வாசித்தேன்,
ஒலியே இல்லாத ஓர் ஊஞ்சல் பாட்டு.
இரண்டாம் அடியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.
"ஏன் இப்படி விலகி உட்காருகிறீர்கள்?
உங்களுக்கும் அதற்கும் நடுவே
இன்னொரு ஆள் உட்காரலாம் போலிருக்கிறதே."

கீழே காற்றடிக்கும் இயந்திரம்
நின்றது. மறுபடி தொடங்கியது.
வலது பக்கம் என்றேன். எடுத்துவிட்டார்கள்.
தழும்பின்மேல் விளிம்பு அழுத்துகிறது.

ஐயோ என்று சொல்லவில்லை அவள்.
கையைப் பிடித்துக்கொள்ளவில்லை.
காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து
அட்டையின் ஓரத்தில் ஒரு பிறை வரைந்தாள்.
"இவ்வளவு சீவினால் போதுமா?"
இன்னும் கொஞ்சம்.
"இவ்வளவு?"
இன்னும்.
அழித்து, வரைந்து, அழித்து,
கடைசியில் பென்சிலை
என்னிடமே நீட்டிவிட்டாள்.
போன வருடம் ஒரு பச்சைப் பேனா
என் மேல் கோடு போட்டது.
அதை யாரும் என் கையில் கொடுக்கவில்லை.

ஜூலையில் வந்தது கிட்டார்.
இறுக அணைத்து உட்காரலாம், வலிக்கவில்லை.
கீழ்த் தந்தியை மீட்டினால்
விலாவுக்குள் வந்து நிற்கிறது,
தைத்த இடத்தைத் தாண்டியும்.
கடன் தவணை முப்பத்தாறு மாதம்.
டொயோட்டாவைப் பற்றிப் பிரேமநாதன்
இன்னும் இரண்டு தடவை பேசினார்.

போன சனிக்கிழமைக் கல்யாணத்தில்
எஃப் இன்னமும் சுத்தமாக விழவில்லை.
பழி போட இனிக் கிட்டாரும் இல்லை.
கிரிசன் பழக்க தோஷத்தில் சத்தத்தைக் கூட்டினான்.

குறைடா என்றேன்.